கட்டடத்துக்குப் பலகை பதித்தீர்கள், பாடகரை மறந்தீர்கள்

ராக் அண்ட் ரோல் புகழ் அரங்கத்தின் தேர்வுக் குழுவினருக்கு, கிளீவ்லேண்ட், ஒஹாயோ.

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் வடக்கு ராம்பார்ட் தெருவும் டுமெய்ன் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1940-களில் அங்கே கோசிமோ மடாசா என்பவர் வீட்டுச் சாதனங்களும் இசைத்தட்டுகளும் விற்றுக்கொண்டிருந்தார். கடையின் பின்னறையை ஜே அண்ட் எம் என்ற பெயரில் ஒலிப்பதிவுக்கூடமாக நடத்தினார். பின்னாளில் அதே இடம் துணி துவைக்கும் கடையாக மாறியது. 2010 செப்டம்பரில் நீங்கள் அந்தக் கட்டடத்தை ராக் அண்ட் ரோல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தீர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012-இல், அந்த அறையில் ஒலிப்பதிவு செய்த மடாசாவையே உங்கள் அரங்கத்துக்குள் அழைத்துக்கொண்டீர்கள். மனநிறைவு தந்த முடிவு அது.

அந்த அறையில் 1947-ஆம் ஆண்டின் கோடையில் ஒரு பாட்டு பதிவானது. பெயர் ‘குட் ராக்கிங் டுநைட்’. எழுதியவரும் பாடியவரும் ராய் பிரவுன். அந்த இசைத்தட்டை வெளியிட்ட டீலக்ஸ் நிறுவனத்தை விரைவிலேயே தன் கைக்குள் கொண்டுவந்தவர் கிங் ரெகார்ட்ஸ் உரிமையாளர் சிட் நேத்தன்; அவரை 1997-இல் சேர்த்துக்கொண்டீர்கள். ராய் பிரவுனைப் பிற்காலத்தில் இம்பீரியல் நிறுவனத்தில் பதிவு செய்த டேவ் பார்த்தலோமியு 1991-இல் வந்துவிட்டார். கைவிடப்பட்டுக் கிடந்த பிரவுனை 1970-இல் மீண்டும் மேடையேற்றிய இசைக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸ் 1994-இல் வந்துவிட்டார். அந்தப் பாட்டை 1954-இல் மெம்ஃபிஸில் பாடித் தன் இரண்டாவது இசைத்தட்டாக வெளியிட்ட எல்விஸ் பிரெஸ்லி, 1986-இல் நீங்கள் கௌரவித்த முதல் வரிசையிலேயே இருக்கிறார். அதே வரிசையில் இருக்கும் ஜெர்ரி லீ லூயிஸும் அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர்தான்.

பதிவு செய்த அறைக்கு மரியாதை, பதிவு செய்தவருக்கு மரியாதை, நிறுவன முதலாளிக்கு மரியாதை, பிறகு பாடியவர்களுக்கெல்லாம் மரியாதை. 2025-ஆம் ஆண்டுவரையிலான உங்கள் பட்டியல்களில் ராய் பிரவுன் பெயரை மட்டும் காணவில்லை.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். பாட்டைக் கேட்பதும் அதைப் பற்றி நண்பர்களோடு மணிக்கணக்கில் வாதாடுவதும் எனக்கு இந்த மொழியில்தான் வரும். ப்ளூஸையும் ஜாஸையும் தேடித் தேடிக் கேட்கிற தமிழர்கள் இதைப் படித்து, ராய் பிரவுனை முதல்முறையாகக் கேட்கப் போவார்கள் என்ற ஆசையும் உண்டு. அவர்களுக்காகச் சில செய்திகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையை வாசித்த பெரிய குழுக்கள் தள்ளாடத் தொடங்கின. பதினைந்து, இருபது பேரை ஊர் ஊராக அழைத்துப்போகப் பணமும் இல்லை, பெட்ரோலும் இல்லை. 1944-இல் நடன விடுதிகள்மேல் கடுமையான கேளிக்கை வரி வேறு விழுந்தது. அந்த இடத்தைச் சிறிய குழுக்கள் பிடித்துக்கொண்டன. இரண்டு மூன்று ஊதுகருவிகள், ஒரு பியானோ, ஒரு பாஸ், டிரம்ஸ், சில வேளை ஒரு கிதார். பெரிய குழுவின் வேகம் குறையவில்லை. பியானோ பூகி-வூகி என்ற துள்ளல் நடையில் உருளும், டெனர் சாக்ஸஃபோன் அலறும், நடுவில் ஒரு பாடகர் கூரை அதிர முழங்குவார். இதுதான் ஜம்ப் ப்ளூஸ். லூயி ஜோர்டான் இதன் மிகப் பெரிய நட்சத்திரம். அவரை 1987-இலேயே நீங்கள் சேர்த்துவிட்டீர்கள். ஆகவே இந்த இசை உங்கள் கண்ணுக்கே படவில்லை என்று குற்றம் சாட்ட மாட்டேன். ஜோர்டானோடு கதவை மூடிவிட்டீர்கள் என்பதே என் வருத்தம்.

ராய் பிரவுன் இந்த இசைக்குள் வந்த வழி நேரானதல்ல. லூசியானாவில் பிறந்தவர். தாயார் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர், பியானோ வாசிப்பவர். மகன் வளர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் போய்க் குத்துச்சண்டை வீரராகச் சில காலம் இருந்தார். பிறகு ஒரு பாட்டுப் போட்டியில் பிங் கிராஸ்பியின் பாட்டைப் பாடிப் பரிசு வாங்கினார். கிராஸ்பியைப் போல் மென்மையாக, மெத்தென்று பாடுவதுதான் அவருடைய கனவு. டெக்சாஸில் கால்வெஸ்டன் என்ற கடற்கரை நகரத்தில் ஒரு விடுதிக் குழுவில் பாடும்போதும் காதல் பாட்டுகளையே தனக்கு வைத்துக்கொண்டார். ‘குட் ராக்கிங் டுநைட்’டை எழுதியவர் அவர்தான் என்றாலும் அங்கே அதைப் பாடியவர் குழுவின் ட்ரம்பெட் கலைஞர். ஒருநாள் அந்தக் கலைஞருக்கு உடம்பு சரியில்லாமல் போக, தான் எழுதிய பாட்டைத் தானே பாட வேண்டிய கட்டாயம் பிரவுனுக்கு வந்தது. தேவாலயத்தில் கேட்டு வளர்ந்த குரல் அன்றைக்கு வெளியே வந்தது.

அடுத்த காட்சியைப் பிரவுனே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1947-இல் கையில் காசில்லாமல் நியூ ஆர்லியன்ஸ் திரும்புகிறார். அங்கே வந்திருந்த புகழ்பெற்ற பாடகர் வைனோனி ஹாரிஸிடம் போய், இந்தப் பாட்டை நீங்கள் பாடுங்கள் என்று கொடுக்கிறார். ஹாரிஸ் கண்டுகொள்ளவில்லை. அங்கிருந்து ட்யூ ட்ராப் இன் விடுதிக்குப் போகிறார். பியானோ கலைஞர் செசில் கேன்ட் அங்கே வாசித்துக்கொண்டிருக்கிறார். இடைவேளையில் கேன்ட் பாட்டைக் கேட்கிறார். நள்ளிரவு தாண்டிவிட்ட அந்த நேரத்தில், டீலக்ஸ் நிறுவனத்தின் முதலாளி ஜூல்ஸ் பிரௌனைத் தொலைபேசியில் எழுப்பி, ராய் பிரவுனைத் தொலைபேசியருகே நிறுத்திப் பாட வைக்கிறார். தூக்கத்திலிருந்து எழுந்த முதலாளி தொலைபேசி வழியாகக் கேட்டது போதும் என்று முடிவு செய்துவிட்டார்: இவருக்கு ஐம்பது டாலர் கொடுங்கள், கண்ணை விட்டு அகல விடாதீர்கள். இதற்குப் பிறகுதான் மடாசாவின் பின்னறை.

அந்தக் காலத்தில் அங்கே ஒலிநாடா வரவில்லை. சுழலும் தட்டில் ஊசி நேரடியாகக் குரலைச் செதுக்கிக்கொண்டே போகும். யாராவது ஒருவர் ஒரு சுரம் தவறினால் அந்தத் தட்டு வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெட்டி ஒட்டும் வேலையே கிடையாது. டீலக்ஸ் 1093 என்ற எண்ணுள்ள அந்தத் தட்டில் நீங்கள் கேட்பது, ஒரே மூச்சில் ஒரு அறைக்குள் நடந்தது நடந்தபடி.

அந்த வரிகளைக் கவனியுங்கள். இன்றைக்கு ஊரில் கொண்டாட்டம் என்ற செய்தி வருகிறது. யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று பிரவுன் அடுக்குகிறார். ஸ்வீட் லோரெய்ன், சூ சிட்டி சூ, ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன், கால்டோனியா: எல்லாம் அதற்கு முன்னால் ஊரே பாடித் திரிந்த பாட்டுகளின் நாயகிகள். வேறு வேறு ஆசிரியர்கள் எழுதிய பெண்களையெல்லாம் ஒரே விருந்துக்கு அழைத்துவிட்டார். அவர்களோடு தேவாலயத்து மூப்பரும் உதவிப் போதகரும் வந்து நிற்கிறார்கள், ஊரின் மிகப் பெரிய கில்லாடிகளாக. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்களைச் சனிக்கிழமை இரவு ஆட்டத்துக்குள் இழுத்துவந்தவர், தேவாலயப் பாடகர் குழுவை நடத்திய அம்மாவின் மகன். அந்த வீட்டிலிருந்து வந்தவருக்கு இது சாதாரணக் குறும்பாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எல்விஸ் பாடியபோது இந்த விருந்தினர் பட்டியலை அப்படியே நீக்கிவிட்டார். 1954-இல் அந்தப் பெயர்கள் பழசாகிவிட்டன என்று நினைத்திருக்கலாம். பாட்டின் வேகம் தங்கியது, ஊர் போய்விட்டது. எல்விஸின் பதிவு எனக்குப் பிடிக்கும். இருபது வயதுக்கு உண்டான துள்ளல் அதில் இருக்கிறது. ஆனால் கறுப்பின மக்களின் ஒரு தெருவே சனிக்கிழமை இரவுக்குக் கிளம்புவதைக் கேட்க வேண்டுமென்றால் மூலத் தட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஹாரிஸின் கதை உங்களுக்குத் தெரியும். பாட்டை வேண்டாம் என்று திருப்பியவர், அது விற்கத் தொடங்கியதைப் பார்த்ததும் மனம் மாறினார். 1948 ஜனவரி 1 முதல் ஒலிப்பதிவு கூடாது என்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் அறிவித்திருந்தது. நிறுவனங்கள் அவசர அவசரமாகப் பதிவு செய்துகொண்டிருந்த கடைசி நாள்களில், 1947 டிசம்பர் 28 அன்று, சின்சினாட்டியில் ஹாரிஸ் அதைப் பாடினார். ஹால் சிங்கரின் சாக்ஸஃபோன், தாளத்தை உதைத்துத் தள்ளும் கைத்தட்டல்கள், முரட்டுக் குரல். இசைத்தட்டுகளின் வெற்றியை வரிசைப்படுத்தும் பில்போர்ட் இதழ் கறுப்பினத்தவருக்கென்று தனியாகப் பிரித்து வைத்திருந்த பட்டியலில் அது முதலிடம் போனது. பிரவுனின் மூலப் பதிவு 13-ஆம் இடத்தில் நின்றது. 1949-இல் மறுபடியும் வந்து 11-ஐத் தொட்டது.

ஆட்டத்துக்கு ஏற்றது ஹாரிஸின் பதிவுதான். இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை. அந்தக் கைத்தட்டல்களில் பின்னால் வந்த ராக் இசையின் முழு உடம்பும் இருக்கிறது. (ஹாரிஸுக்கும் நீங்கள் இடம் தரவில்லை. அது தனி மடலுக்குரிய செய்தி.) ஆனால் குரல் என்று வந்தால், எதிர்காலம் பிரவுனின் தட்டில்தான் இருக்கிறது. இதைத்தான் உங்கள் முன் அழுத்திச் சொல்ல வந்தேன். ‘குட் ராக்கிங் டுநைட்’ என்ற ஒற்றைப் பாட்டின் ஆசிரியர் என்று அவரை நினைத்துக்கொண்டிருப்பதால்தான் அவர் உங்கள் பார்வையிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கிறார். 1947 தொடங்கி 1951 வரை அவர் பதிவு செய்தவற்றை வரிசையாகக் கேளுங்கள். பாட்டெழுதியவர் என்பது பாதிக் கதைகூட இல்லை.

1948-இல் ‘லாங் அபௌட் மிட்நைட்’ முதலிடம். 1949-இல், தன் பழைய பாட்டுக்குத் தானே எழுதிய தொடர்ச்சியான ‘ராக்கிங் அட் மிட்நைட்’ இரண்டாமிடம். அதே ஆண்டில் ‘பூகி அட் மிட்நைட்’ மூன்றாமிடம். நள்ளிரவு என்ற ஒரு நேரத்தை இவ்வளவு ஆதாயமாகப் பயன்படுத்திய பாடகர் வேறொருவர் இருக்க மாட்டார். 1950-இல் ‘ஹார்ட் லக் ப்ளூஸ்’ முதலிடம், ‘லவ் டோன்ட் லவ் நோபடி’ இரண்டாமிடம், இடையில் ‘கேடிலாக் பேபி’. மைட்டி மைட்டி மென் என்று தன் குழுவுக்குப் பெயர் வைத்திருந்தார். ஜானி ஃபோன்டனெட், லிராய் ரேன்கின்ஸ் என்ற டெனர் சாக்ஸஃபோன் கலைஞர்கள் அதில் வாசித்தார்கள். அந்தப் பெயர்களையும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

‘ஹார்ட் லக் ப்ளூஸ்’ பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

அதில் துள்ளல் இல்லை. மெதுவாக நகரும் ப்ளூஸ். போக்கிடம் இல்லாத ஒருவனின் புலம்பல். ஊதுகருவிகள் பின்னால் தணிந்து நிற்க, குரல் மேலே ஏறுகிறது. ஏறி அங்கேயே நிற்பதில்லை. உச்சியில் உடைகிறது, உடைந்த இடத்திலிருந்து ஐந்தாறு சுரங்களைத் தொட்டுக்கொண்டு வழுக்கி இறங்குகிறது. நம்மூர் சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இறக்கம் சட்டென்று பிடிபடும். ஒரு நல்ல பிருகாவைக் கேட்டால் தலை தானாக அசைவதைப்போல அசையும். இது தேவாலயத்தில் சாட்சி சொல்கிறவர்களின் பாட்டுமுறை. ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே அழுது, கெஞ்சி, மன்றாடுவது. அன்றைய ப்ளூஸ் முழங்குநர்கள் இப்படிப் பாடவில்லை. பிக் ஜோ டர்னர் முழங்கினார், மலை மாதிரி அசையாமல் நின்று முழங்கினார். ஹாரிஸ் சவால் விட்டார். பிரவுன் அழுதார். ஆண் ஒருவன், நடன விடுதியில், இசைத்தட்டில், வெட்கமில்லாமல் அழுதான், அதை மக்கள் வாங்கி முதலிடத்தில் உட்கார வைத்தார்கள்.

அந்த அழுகை யார் யார் தொண்டைக்குப் போனது என்று இசை வரலாறு எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். பி.பி. கிங், கிளைட் மெக்ஃபாட்டர், ஜாக்கி வில்சன்: மூவரும் 1987-இல் உங்கள் அரங்கத்துக்கு வந்தவர்கள். பாபி ப்ளாண்ட் 1992-இல் வந்தார். ப்ளாண்டின் குரல் உச்சியில் கிழிவதைக் கேட்டுவிட்டுப் பிரவுனின் 1950-ஆம் ஆண்டுப் பதிவுக்குப் போங்கள். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தேவாலயத்தின் குரலையும் விடுதியின் வரிகளையும் சேர்த்த இசைக்குப் பின்னால் சோல் என்று பெயர் வந்தது. பெயர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த வேலையைச் செய்தவர் இவர். பட்டியலில் அவர் இல்லாததால் மற்ற நால்வரும் எங்கிருந்தோ வானத்திலிருந்து குதித்தவர்கள் மாதிரி தெரிகிறார்கள்.

1952-ஐ நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. தனக்கு வர வேண்டிய உரிமைத்தொகை வரவில்லை என்று பிரவுன் கிங் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். போட்டு, வென்றார். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினக் கலைஞர் தன் இசைத்தட்டு நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்து வெல்வது அரிதிலும் அரிது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பட்டியல்களைப் பார்த்தாலே தெரியும். 1948-லிருந்து 1951 வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டுகள் ஏறிக்கொண்டிருந்தவருக்கு, 1952-லிருந்து 1956 வரை ஒரு பாட்டுகூட ஏறவில்லை. வழக்கின் காரணமாகத் தொழிலில் இருந்தவர்கள் அவரை ஒதுக்கினார்கள் என்று கருதுகிறவர்கள் உண்டு. ரசனை மாறியதும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த ஆண்டுகளில் பல ஜம்ப் ப்ளூஸ் பாடகர்கள் சரிந்தார்கள். எது எவ்வளவு என்று எடை போட என்னிடம் தராசு இல்லை. ஆனால் காலக்கணக்கு கண்ணை உறுத்துகிறது. சரியாக அந்த மௌன ஆண்டுகளின் நடுவில்தான் எல்விஸின் தட்டு வந்தது, ராக் அண்ட் ரோல் என்ற பெயர் நாடெங்கும் பரவியது, உங்கள் அரங்கம் கொண்டாடும் அந்தக் காலம் பிறந்தது. அதற்கு வித்திட்டவர் அப்போது பட்டியல்களில் இல்லை. கூலியைக் கேட்டு வென்ற மனிதர் அறுவடைக் காலத்தில் வயலிலேயே இல்லாமல் போனார்.

1957-இல் ஒருமுறை திரும்பி வந்தார். பார்த்தலோமியுவோடு இம்பீரியலில் பதிவு செய்த ‘லெட் தி ஃபோர் விண்ட்ஸ் ப்ளோ’ ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று பெயர் மாறியிருந்த அந்தத் தனிப் பட்டியலில் ஐந்தாமிடமும் பொதுப் பட்டியலில் 29-ஆம் இடமும் பிடித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே பாட்டை ஃபேட்ஸ் டோமினோ பாடி இன்னும் மேலே கொண்டுபோனார். இன்றைக்கு அந்தப் பாட்டைச் சொன்னால் எல்லாருக்கும் டோமினோதான் நினைவுக்கு வருகிறார். இரண்டாம் முறையும் அதே கதை.

பிறகு வறுமை. ‘குட் ராக்கிங் டுநைட்’டின் உரிமையையே விற்றார். கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார். அப்படித் திறந்த கதவுகளுக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் அவருடைய பழைய இசைத்தட்டு இருந்திருக்குமோ.

1970-இல் மான்டரே ஜாஸ் விழாவில் ஜானி ஓட்டிஸ் தன் நிகழ்ச்சியின் இறுதியில் அவரை நிறுத்தினார். கூட்டம் எழுந்துகொண்டது. அந்த மேடைப் பதிவு தட்டாகவும் வந்திருக்கிறது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் சுவீடனைச் சேர்ந்த ரூட் 66 என்ற சிறிய நிறுவனம் அவருடைய பழைய பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. 1978-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தார். சொந்த நாடு மறந்துவிட்ட தட்டுகளைப் பனிநாட்டில் ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அந்த ரசிகருக்கு நானும் கடன்பட்டவன். 1981 வசந்தத்தில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அண்ட் ஹெரிடேஜ் விழாவில் முதன்மைக் கலைஞராகப் பாடினார். பாட்டு பிறந்த ஊரிலேயே அவருக்குக் கூட்டம் திரண்டது. சில வாரங்களில், மே 25 அன்று, கலிஃபோர்னியாவில் மாரடைப்பால் காலமானார். இறுதிச் சடங்கைப் போதகராக இருந்து நடத்தியவரும் ஜானி ஓட்டிஸ்தான். அதே 1981-இல் ப்ளூஸ் புகழ் அரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. உங்கள் அரங்கத்தின் முதல் வரிசை அறிவிக்கப்பட்டது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து.

எழக்கூடிய மறுப்புகளை எண்ணிப் பார்த்தேன். ‘ராக்’ என்ற சொல்லை அவருக்கு முன்பே பலர் பாட்டில் வைத்திருக்கிறார்கள் என்பீர்கள். உண்மை, 1920-களிலேயே இருக்கிறது. முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு எது என்ற தீராத சண்டையில் ராய் பிரவுனை நான் நிறுத்தவில்லை. அந்தச் சண்டை முடியவும் முடியாது, முடிய வேண்டிய தேவையும் இல்லை. நான் கேட்பது இசைச் செல்வாக்கு என்ற பிரிவில் ஓர் இடம். அந்தப் பிரிவு இத்தகையவர்களுக்காகவே உண்டாக்கப்பட்டது.

இன்னொரு மறுப்பு: காலம் கடந்துவிட்டது, இன்றைய ரசிகர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. இதில் எனக்கு உடன்பாடே இல்லை. சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பை 2018-இல்தான் சேர்த்தீர்கள். பிக் மாமா தார்ன்டனை 2024-இல். இருவரும் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின் நடந்தவை இவை. யாரும் காலம் கடந்துவிட்டது என்று சொல்லவில்லை, இவ்வளவு நாள் ஏன் ஆனது என்றுதான் கேட்டார்கள். தார்ன்டனின் கதையும் ஏறக்குறைய இதே கதை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் முதலில் பாடிய ‘ஹவுண்ட் டாக்’கும் எல்விஸ் பெயரில்தான் உலகத்தைச் சுற்றியது.

தெரியாது என்பதும் சரியல்ல. 2008-இல் வெளிவந்த ஃபால்அவுட் 3 என்ற கணினி விளையாட்டுக்குள் ஒரு வானொலி ஒலித்துக்கொண்டே இருக்கும். அதில் பிரவுனின் ‘புட்சர் பீட்’ வரும். அணுகுண்டு விழுந்து அழிந்த நகரத்தில் நடந்துகொண்டே அவர் குரலைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை உலகமெங்கும் இருக்கிறது, பெயர் தெரியாமலேயே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. சென்னையிலும் அப்படிப்பட்ட இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் 1984-இல் லெட் செப்பலின் பாடகர் ராபர்ட் ப்ளான்ட் தன் ஹனிடிரிப்பர்ஸ் குழுவோடு ‘ராக்கிங் அட் மிட்நைட்’டைப் பதிவு செய்தார். 1991-இல் பால் மெக்கார்ட்னி ‘குட் ராக்கிங் டுநைட்’ பாடினார். உங்கள் அரங்கத்தின் உறுப்பினர்களே இத்தனை பேர் இவர் பாட்டுகளைத் தேடிப்போய்ப் பாடியிருக்கிறார்கள். அவர்களை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே.

இசைச் செல்வாக்குப் பிரிவுக்குப் பொது வாக்கெடுப்பு தேவையில்லை, சிறப்புக் குழு முடிவு செய்தால் போதும் என்று அறிகிறேன். ஆகவே இது ஆயிரம் பேரை இணங்க வைக்க வேண்டிய வேலை அல்ல. ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் சிலர் மனம் வைத்தால் நடக்கும்.

அடுத்த கூட்டத்தில் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பேச்சைத் தொடங்கும் முன் நான்கு பதிவுகளைப் போட்டுக் கேளுங்கள். ஹாரிஸின் பதிவையோ எல்விஸின் பதிவையோ வேண்டாம். அவை உங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். முதலில் டீலக்ஸ் 1093. அடுத்து ‘லாங் அபௌட் மிட்நைட்’. மூன்றாவதாக ‘பூகி அட் மிட்நைட்’. அதில் சாக்ஸஃபோனும் குரலும் ஒன்றையொன்று துரத்துவதைக் கேளுங்கள். கடைசியாக ‘ஹார்ட் லக் ப்ளூஸ்’, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து, யாரும் பேசாமல். நான்கும் சேர்ந்து கால்மணி நேரம்கூட ஆகாது. அதற்குப் பிறகு உங்களில் யாராவது அவர் பெயரைப் பரிந்துரையுங்கள். வேறு யாராவது வழிமொழியுங்கள்.

அப்படியே உங்கள் அருங்காட்சியகத்தில் எல்விஸின் மெம்ஃபிஸ் பதிவுகளைப் பற்றிப் பேசும் இடத்தில், அந்தப் பாட்டை எழுதி முதலில் பாடியவர் ராய் பிரவுன், நியூ ஆர்லியன்ஸ், 1947 என்று பார்வையாளர் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். அதற்கு எந்தக் குழுவின் வாக்கும் தேவையில்லை. நாளைக் காலையே செய்யலாம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து, ராய் பிரவுனின் ரசிகன்